ஓரியின் மலையில் வில்லுக்கு ஒரு பருவம்

முதலில் யானை சாய்கிறது. யானையைத் துளைத்துக்கொண்டு போன அம்பு வாய் பிளந்த புலியைக் கொல்கிறது. அதையும் கடந்து கொம்புள்ள ஆண் புள்ளிமானை உருட்டுகிறது, காட்டுப்பன்றியை வீழ்த்துகிறது, கடைசியில் பக்கத்துப் புற்றில் கிடந்த உடும்பின் மேல் தைத்து நிற்கிறது. ஐந்து உயிருக்கு ஒரே அம்பு. கொல்லிமலை என்றதும் தமிழ் படித்தவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் காட்டும் இந்த வேட்டைதான். எய்தவன் கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி.

பலரும் அந்த ஐந்து விலங்குகளோடு பாட்டை நிறுத்திவிடுகிறார்கள். பின்பாதி இன்னும் அருமை. காட்டு வழியில் வரும் பாணர் கூட்டத்துக்கு அம்பு விட்டவன் யாரென்று தெரியாது. ஆளைப் பார்த்தால் இறைச்சி விற்றுப் பிழைப்பவன் போல இல்லை. மார்பில் ஆரம் தொங்குகிறது. ஒருவேளை ஓரிதானோ என்று சந்தேகப்பட்டபடி யாழையும் முழவையும் எடுத்து 21 துறைகளையும் முறையாகப் பாடி முடித்து, அரசே என்று விளிக்கிறார்கள். அந்தப் புகழ்ச்சிக்கு அவன் கூசிப்போகிறான். அவர்கள் வாய் திறந்து எதுவும் கேட்பதற்கு முன்பே, தான் வேட்டையாடிய மானின் கொழுத்த இறைச்சியைச் சமைத்துக் கொடுத்து, உருக்கிய நெய் போன்ற மதுவையும் கொடுத்து, தன் மலையில் பிறந்த பொன்னையும் மணியையும் அள்ளித் தருகிறான். காட்டுக்கு நடுவே, முன்பின் தெரியாதவர்களுக்கு.

ஒரு அம்பு ஐந்து உடலைத் துளைக்குமா என்று கேட்டால், துளைக்காது. கணக்கு எளிது. மான் வேட்டைக்குப் போதுமான ஒரு மரவில்லை இழுக்க 18 கிலோ எடையைத் தூக்கும் வலு வேண்டும். அதிலிருந்து கிளம்பும் 30 கிராம் அம்பு விநாடிக்குச் சுமார் 50 மீட்டர் வேகத்தில் போகும். அதில் இருக்கும் ஆற்றல் 40 ஜூலுக்கும் கீழே. பெரிய விலங்குகளைச் சுடும் துப்பாக்கித் தோட்டாவில் இருப்பது ஆயிரக்கணக்கான ஜூல். தோட்டா மோதிச் சிதைக்கும். அம்பால் அது முடியாது, முனையின் கூரால் அறுத்துக்கொண்டுதான் போக முடியும். யானைத் தோலின் தடிப்பில் அந்த ஆற்றல் தீர்ந்துவிடும். இங்கிலாந்தில் 1545இல் மூழ்கிய ‘மேரி ரோஸ்’ போர்க்கப்பலை 1982இல் கடலிலிருந்து தூக்கியபோது யூ மரத்தில் செய்த வில்கள் நிறையக் கிடைத்தன. அவற்றில் பலவற்றை இழுக்க 45 கிலோவுக்கு மேல் வலு வேண்டியிருந்திருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தப் போர்வில்களாலும் யானையும் புலியும் கடந்து அம்பு போயிருக்காது.

ஆனால் மான் விஷயத்தில் வன்பரணர் மிகைப்படுத்தவில்லை. கூரான முனையும் நேரான தண்டும் கொண்ட அம்பு ஒரு மானின் விலாவில் நுழைந்து மறுபக்கம் வெளியேறுவது மரவில்லாலும் நடக்கும். அதற்கு வில்லாளி மானுக்கு 20 மீட்டருக்குள் இருக்க வேண்டும். வில் வேட்டையின் எல்லா ஆயத்தமும் இந்த 20 மீட்டரைச் சுற்றித்தான்.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இன்று கொல்லிமலையில் மட்டுமல்ல, இந்திய நிலப்பரப்பில் எங்குமே மான்மீது அம்பு விட இடமில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்தக் கதவை அடைத்துவிட்டது, அதைப் பற்றிப் பின்னால் பார்ப்போம். ஆனால் அந்த மலையில் வில்லுக்கு இன்றும் ஒரு பருவம் உண்டு. ஆடி 17, 18 ஆகிய இரண்டு நாளும் தமிழக அரசு எடுக்கும் வல்வில் ஓரி விழாவில் வில்வித்தைப் போட்டி நடக்கிறது. செம்மேட்டில் குதிரைமேல் அமர்ந்திருக்கும் ஓரி சிலைக்கு மாலை போடுகிறார்கள். ஆடிப்பெருக்குக்கு வந்த கூட்டம் அறப்பளீசுவரர் கோயிலுக்கும் ஆகாயகங்கைக்கும் எட்டுக்கை அம்மனுக்கும் பிரிந்து போகிறது. 70 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டிகள் வரிசை கட்டும்.

அந்த ஆடி 17க்கு ஒரு மரபு வில் தயாராக இருக்க வேண்டுமென்றால், வேலையைத் தை மாதத்திலேயே தொடங்கியாக வேண்டும்.

முதலில் மூங்கில். வில்லுக்கு ஏற்றது கல்மூங்கில். உள்ளே துளை மிகச் சிறிதாகவோ இல்லாமலோ கெட்டியாக இருக்கும். மூன்று வயது கடந்த கழியாகப் பார்க்க வேண்டும். இளசு உலரும்போது சுருங்கிப் பிளக்கும். வெட்டும் காலம் முக்கியம். மழை முடிந்த பிறகு, தேய்பிறையில் வெட்டுவது நாட்டு வழக்கம். நிலாவின் பங்கு எவ்வளவோ, மூங்கிலின் சதையில் மாவுச்சத்து அதிகம் இருக்கும்போது வெட்டினால் துளைக்கும் வண்டு மொய்க்கும் என்பது உறுதியான உண்மை. வெட்டிய கழியை வெயிலில் போடாமல் நிழலில், காற்றோட்டத்தில் மாதக்கணக்கில் உலரவிட வேண்டும். அடுப்புப் புகை படும் இடத்தில் கட்டித் தொங்கவிட்டால் வண்டு அண்டாது, கொல்லிமலையின் பனி ஈரமும் ஏறாது. ஆர்வத்தில் யாரும் அரிவாளோடு காப்புக்காட்டுக்குள் நுழைந்துவிட வேண்டாம். காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை மரம் என்ற வரையறையிலிருந்து 2017இல் மத்திய அரசு நீக்கிவிட்டது. பட்டா நிலத்து வேலியில் நிற்கும் மூங்கிலே போதும்.

சீவுவதில்தான் கைத்திறமை தெரியும். மூங்கிலின் வலிமையில் பெரும்பகுதி அதன் வெளிப்பட்டையில் இருக்கிறது. வில் வளையும்போது இழுபடுவது வெளிப்பக்கம், நசுங்குவது உட்பக்கம். அதனால் பட்டையுள்ள பக்கத்தை எதிரிலிருக்கும் குறியைப் பார்க்கும்படி வைத்து, அதில் கத்தியே படாமல் உட்பக்கத்தை மட்டும் சீவ வேண்டும். கணுக்களை மழுக்க ஆசை வரும், தொடக் கூடாது. வில்லின் இரண்டு கைகளும் ஒரே அளவில் வளையும்வரை கொஞ்சம் சீவி, கொஞ்சம் வளைத்துப் பார்த்து, மறுபடி சீவ வேண்டும். ஒரு கை விறைப்பாகவும் மறுகை இளக்கமாகவும் இருந்தால் இளகிய இடத்தில் முறியும், முறியாவிட்டாலும் அம்பு சீராகப் போகாது. அவசரக்காரர்கள் முதல் நாளே முழு நீளம் இழுத்துப் பார்ப்பார்கள். வில் பழகுவதற்கு நாள் வேண்டும். ஒவ்வொரு நாளும் ஒரு விரற்கடை அதிகமாக இழுத்து, மரத்துக்கு வளையக் கற்றுக்கொடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் நாணை இறக்கிவிட வேண்டும். நாணேற்றியபடியே சுவரில் மாட்டிய வில் வளைந்தே கிடந்து, வேகத்தை இழந்துவிடும்.

நாணுக்கு மரல் நார். வறண்ட குன்றுகளில், கற்களுக்கு நடுவே, பட்டை பட்டையாகக் கத்தி போல நிற்கும் செடி அது. கலித்தொகையின் பாலை நிலத்தில் மழை பொய்த்த கோடையில் மரையா தின்று உயிர் பிழைப்பதும் இதே மரலைத்தான். இலையை ஊறவைத்து, தட்டி, சதையை வழித்து எடுத்தால் வெள்ளையாகப் பளபளக்கும் நார் கிடைக்கும். அதைப் புரியாக முறுக்கி, மெழுகு தடவினால் நாண். பில் மக்கள் இன்னும் ஒரு படி போய் நாணையும் மூங்கிலிலேயே சீவிக்கொள்கிறார்கள். வில்லும் நாணும் ஒரே புதரிலிருந்து வந்துவிடும். இன்று பந்தயத்துக்குப் பாலியெஸ்டர் நாண் கிடைக்கிறது, எளிதில் அறுவதில்லை. இருந்தாலும் மரல் நாரைத் தெரிந்த கைகள் மலையில் ஒன்றிரண்டாவது மிஞ்ச வேண்டும் என்று தோன்றுகிறது.

அம்பைப் பற்றி வில்லைவிட அதிகம் பேசலாம். சுமாரான வில்லும் நல்ல அம்பும் இருந்தால் குறி விழும், மாறி அமைந்தால் விழாது. நாணை விட்ட கணத்தில் அம்பு நேராகப் போவதில்லை. பின்னாலிருந்து வரும் தள்ளலில் வளைந்து, வில்லின் தண்டைச் சுற்றிக்கொண்டு, வெளியேறிய பிறகு மீன் போல இருபுறமும் நெளிந்து நெளிந்து நேர்ப்படுகிறது. நொடிக்கு ஆயிரக்கணக்கில் படம் பிடிக்கும் கேமரா இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஆக, ஒவ்வொரு வில்லுக்கும் ஏற்ற விறைப்பு அம்புக்கு வேண்டும். விறைப்பு கூடினால் ஒரு பக்கம் விலகும், குறைந்தால் மறுபக்கம். ஒரே கட்டில் உள்ள பத்து அம்பும் ஒரே எடை, ஒரே விறைப்பு என்று அமைப்பதுதான் கடினம். பழைய ஆட்கள் இதைக் கையால் வளைத்தே கண்டுபிடித்தார்கள். வளைந்த தண்டைத் தணலில் காட்டி, சூட்டோடு நிமிர்த்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்ப்பார்கள். இறகு மூன்றும் ஒரே பக்கத்துச் சிறகிலிருந்து வர வேண்டும். இடது சிறகையும் வலது சிறகையும் கலந்தால் அவற்றின் வளைவு ஒன்றையொன்று எதிர்க்கும், அம்பு சுழலாது. வான்கோழி இறகு இதற்கு நன்றாக இருக்கும்.

தமிழில் ஒரு வேட்டைக்கு முந்தைய ஆயத்தத்தை முழுமையாகப் பார்க்க வேண்டுமென்றால் சங்கப் பாட்டைவிட 12ஆம் நூற்றாண்டின் பெரியபுராணத்துக்குப் போக வேண்டும். கண்ணப்ப நாயனார் புராணத்தில் சேக்கிழார் தத்துவத்தை ஒதுக்கிவைத்துவிட்டுக் காட்டுவாசியின் கண்ணோடு எழுதுகிறார். உடுப்பூர் வேடர் தலைவன் நாகனின் மகன் திண்ணன் வில்லைத் தொடுவதே ஒரு விழா. நாள் பார்த்து, ஊரைக் கூட்டி, காப்புக் கட்டி, வில் பிடிக்க வைக்கிறார்கள். பதினாறு வயது நிறைவதற்குள் தேர்ந்துவிடுகிறான். நாகனுக்கோ வயதாகிவிட்டது, முன்போல வேட்டைக்குப் போக முடியவில்லை. விலங்குகள் பெருகிப் புனத்தை அழிக்கின்றன என்று வேடர்கள் வந்து முறையிடுகிறார்கள். அப்போதுதான் பொறுப்பு மகன் கைக்கு மாறுகிறது. தேவராட்டியை அழைத்துக் காட்டுத் தெய்வத்துக்குப் பூசை போடுகிறார்கள். திண்ணன் முடியைக் கட்டி, தோலாடை உடுத்து, கழல் பூண்டு, வில்லை ஏற்றுகிறான். வலை பிடிப்பவர்கள் முன்னே போகிறார்கள், நாய்கள் போகின்றன. அது அவனுடைய கன்னி வேட்டை.

அந்த வேட்டையின் நடுவே சேக்கிழார் சொல்லும் ஒரு விஷயத்தை எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் தகும். யானைக் கன்றுகளை அவர்கள் தொடரவில்லை. குட்டிகளைக் கொல்லவில்லை. சினையுற்று நடை தளர்ந்த பெட்டைகளை அலைக்கவில்லை. பாடல்பெற்ற அடியாரின் கதைக்கு இந்த விவரம் அவசியமே இல்லை. ஆனாலும் வேடர்களிடம் அந்தக் கட்டுப்பாடு இருந்தது என்று ஒரு கவிஞர் பதிவு செய்கிறார். இன்று அமெரிக்க மாநிலங்கள் மான் வேட்டைக்குப் பருவம் வகுத்து, எந்த மாதம், எந்தப் பால், எத்தனை மான் என்று உரிமச் சீட்டில் அச்சிட்டுக் கொடுக்கின்றன. அதே எண்ணம் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னால் தமிழ் விருத்தத்தில் இருக்கிறது.

இனி அந்த 20 மீட்டர். ஏன் அவ்வளவு நெருக்கம்? மானின் காதுதான் காரணம். ஒலி விநாடிக்கு 340 மீட்டர் போகும், அம்பு 50 மீட்டர். 20 மீட்டரில் நிற்கும் மானை நாணின் ஓசை 0.06 விநாடியில் எட்டிவிடும். அம்பு போய்ச் சேர 0.4 விநாடி ஆகும். இடையில் கிடைக்கும் மூன்றில் ஒரு விநாடி மானுக்குத் தாராளம். துள்ளி ஓடுவதற்காகக் கால்களை மடித்து உடலைத் தாழ்த்தும், அம்பு முதுகுக்கு மேலே போய்விடும். 30 மீட்டர் என்றால் அம்பு வருவதற்குள் மான் அந்த இடத்திலேயே இருக்காது. போர்க்களத்தில் நாணொலி எதிரியை நடுங்க வைக்கும் ஆயுதம் என்று காப்பியங்கள் கொண்டாடும். வேட்டைக்காரனுக்கு அதே ஒலி தோல்வி. நாணில் கம்பளி நூலையோ ரோமத்தையோ கட்டி அதிர்வை அடக்குவது உலகெங்கும் மரபு வில்லாளிகள் செய்வதுதான்.

கண்ணை ஏமாற்றுவது கொஞ்சம் எளிது. மானுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் நமக்குத் தெரிவது போலத் தெரியாது. அதனால்தான் துப்பாக்கிப் பருவத்தில் அமெரிக்க வேட்டைக்காரர்கள் ஒருவரையொருவர் சுட்டுவிடாமல் இருக்கப் பளிச்சென்ற ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டாலும் மான் மிரளுவதில்லை. ஆனால் அசைவு தெரியும், விரல் அசைந்தாலே தெரியும். மூக்கை ஏமாற்ற வழியே இல்லை, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து எதிர்க்காற்றில் அணுகுவது ஒன்றுதான் வழி. மலைச்சரிவில் காலையில் காற்று மேலேறும், மாலையில் கீழிறங்கும் என்பது மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்கும் தெரிந்த பாடம். சரிவில் இன்னொரு சிக்கல்: மேட்டிலிருந்து கீழே எய்யும்போது கண் அளக்கும் தூரத்துக்கு ஏற்பக் குறிவைத்தால் அம்பு மேலே போகும். 45 பாகைச் சரிவில் 20 மீட்டர் தள்ளி நிற்கும் குறியைச் சமதரையில் 14 மீட்டரில் நிற்பதாக எண்ணித்தான் எய்ய வேண்டும். பரணிலிருந்து எய்பவனுக்கும் இதே கணக்குதான்.

அமெரிக்க வில் வேட்டையின் கதையில் ஓர் ஆதிகுடி மனிதர் இருக்கிறார். 1911இல் கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊரில் காட்டிலிருந்து தனியாக வெளியே வந்தவர். யாஹி இனத்தின் கடைசி மனிதர். அவர் தன் பெயரைச் சொல்ல மறுத்ததால், அவரை இஷி என்று அழைத்தார்கள். சான் ஃபிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்தில் தங்கவைக்கப்பட்ட அவருக்கு மருத்துவராக வந்த சாக்ஸ்டன் போப், அவரிடமே வில் செய்யவும் எய்யவும் கற்றுக்கொண்டார். 1916இல் இஷி காசநோயில் இறந்தார். 1923இல் போப் எழுதிய புத்தகம் அமெரிக்காவில் வில் வேட்டையை மீண்டும் உயிர்ப்பித்தது. இஷியின் ஆயத்தத்தைப் போப் விரிவாக எழுதியிருக்கிறார். வேட்டைக்கு முந்தைய நாள் மீன் சாப்பிட மாட்டார், புகை பிடிக்க மாட்டார். விடியுமுன் எழுந்து ஓடையில் குளித்து, நறுமண இலைகளை உடம்பில் தேய்த்துக்கொள்வார். தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு வெறும் வயிற்றோடு கிளம்புவார். மான் தலையைத் தன் தலையில் மாட்டிக்கொண்டு புதருக்குப் பின்னால் ஆட்டி, மானின் ஆர்வத்தைத் தூண்டி, அதையே தன்னருகே வரவைப்பார். தூரத்திலிருந்து எய்து திறமை காட்டுவதை அவர் பெரிதாக நினைக்கவில்லை. நெருங்குவதுதான் அவருக்கு வேட்டை.

தமிழ்நாட்டில் வேட்டைக்கென்று பருவம் இருந்ததா? கோயில் நாட்காட்டியைப் பார்த்தால் இருந்தது என்று தெரிகிறது. அறுவடை முடிந்து வயல் வெறிச்சோடும் தை மாதத்தில், மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்காகப் பழைய சீவரம் மலைக்கு எழுந்தருளுகிறார். திருமலையில் சங்கராந்திக்கு மறுநாள் இதே வேட்டை உற்சவம். விஜயதசமியில் பழனி முருகன் கோதைமங்கலத்துக்குப் போய் வாழைமரத்தில் அம்பு போடுகிறார். கொங்கு நாட்டுக் கோயில்கள் பலவற்றில் அன்று அம்புசேர்வை. மழைக்குப் பின்பும் அறுவடைக்குப் பின்பும் ஊர் கூடிக் காட்டுக்குப் போன நாட்களைச் சாமி இன்னும் கைவிடவில்லை. விலங்கு மட்டும் விடுபட்டு, வாழைமரம் வந்திருக்கிறது. ஜார்க்கண்டின் தால்மா மலையில் கோடையில் நடக்கும் செந்த்ரா வேட்டைத் திருவிழாவையும் இப்படிச் சடங்கோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று வனத்துறை பல ஆண்டுகளாக மக்களிடம் பேசிவருகிறது. நம் ஊரில் யாரும் பேசாமலேயே அது நடந்துவிட்டது. ஆனால் பொங்கல் சமயத்தில் முயல் வேட்டைக்குப் போய் வனத்துறையிடம் மாட்டும் செய்தி ஒவ்வோர் ஆண்டும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

சட்டத்தைத் தெளிவாகத் தெரிந்துகொள்வது வில் பிடிக்கும் எவருக்கும் அவசியம். 1972 சட்டத்தின் 9ஆம் பிரிவு வேட்டையைத் தடை செய்கிறது. கொல்வது மட்டும் வேட்டை ஆகாது, துரத்துவது, கண்ணி வைப்பது, காயப்படுத்துவது, அதற்கு முயல்வது எல்லாமே வேட்டைதான். 2022இல் வந்த திருத்தம் தண்டத்தொகையை 25,000 ரூபாயிலிருந்து 1 லட்சம் ரூபாய் வரை உயர்த்தியது, மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. முதல் அட்டவணையில் உள்ள விலங்கு என்றால் ஏழு ஆண்டு வரை போகும். பழங்குடிகளுக்கு விலக்கு உண்டு என்று பலர் நினைக்கிறார்கள். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தேன், மூங்கில், மூலிகை என்று எத்தனையோ மரபுரிமைகளைத் திருப்பிக் கொடுத்தது, ஆனால் வேட்டையையும் பொறிவைத்துப் பிடிப்பதையும் பெயர் சொல்லி விலக்கியது. 1972 சட்டம் வேட்டை உரிமையைத் தொடாமல் விட்டது நிக்கோபார் தீவுகளின் பழங்குடிகளுக்கு மட்டுமே. இலங்கையில் 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா ஆனபோது வேடர்களின் காடும் அதற்குள் போய்விட்டது. ஊருவரிகே திசஹாமி தலைமையில் தம்பானையில் ஒரு கூட்டம் இடம்பெயர மறுத்து நின்றது. வில்லும் கோடரியும் அவர்கள் தோளில் இன்றும் இருக்கின்றன, காட்டின் உரிமைதான் இல்லை.

இந்தத் தடை சரியா? மானைப் பொறுத்தவரை முழுக்கச் சரி. காடு சுருங்கிப்போன நாட்டில், சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் இரையாக வேண்டிய மானை மனிதனும் போட்டிக்கு எடுத்துக்கொண்டால் அவை ஊருக்குள் ஆட்டைத் தேடி வரும். அமெரிக்காவில் வெள்ளைவால் மான் கோடிக்கணக்கில் இருக்கிறது, அங்கே பருவம் வைக்கலாம். இங்கே அந்த நிலை இல்லை. ஆனால் தடை வந்தபோது மானோடு சேர்த்து வில்லும் காணாமல்போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அது நம் கவனக்குறைவால் போனது. பக்கத்திலேயே வயநாட்டுக் குறிச்சியர்கள் இருக்கிறார்கள். 1802இல் தலக்கல் சந்துவின் தலைமையில் பனமரம் கோட்டையைத் தாக்கியது அவர்களுடைய வில்தான். வேட்டை போன பிறகும் அவர்கள் வில்லை விடவில்லை.

வேட்டை போன பிறகு வில் என்னவாகும் என்பதற்கு ஒலிம்பிக் வில்லாளி லிம்பா ராமின் வாழ்க்கை இன்னும் நல்ல பதில். 1972இல் ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்தில் ஒரு பழங்குடிக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் மூங்கில் வில்லால் கௌதாரி போன்ற பறவைகளை அடித்துக்கொண்டிருந்தவரை 1987இல் இந்திய விளையாட்டு ஆணையம் கண்டெடுத்தது. அடுத்த ஆண்டே சியோல் ஒலிம்பிக். பிறகு பார்சிலோனா, அட்லாண்டா. 1992இல் பெய்ஜிங்கில் நடந்த ஆசிய வில்வித்தைச் சாம்பியன்ஷிப்பில் 30 மீட்டரில் 360க்கு 358 எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தார். 2012இல் பத்மஸ்ரீ. காட்டில் கற்ற கண்ணும் கையும் அட்டைப் பலகைக்கு முன்னாலும் அப்படியே வேலை செய்தன. இந்திய வில்வித்தைச் சங்கத்தின் தேசியப் போட்டிகளில் மூங்கில் வில்லுக்கென்று ‘இந்தியன் ரவுண்ட்’ என்ற தனிப் பிரிவே இருக்கிறது. கிராமத்துப் பிள்ளைகள் லட்ச ரூபாய் ரிகர்வ் வில் வாங்காமலேயே தேசிய அளவுக்கு வர இதுவே வாசல்.

கொல்லிமலைக்கு வருவோம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், மூங்கில் அம்பு எம்மாத்திரம்? 1,000 மீட்டருக்கு மேல் இருக்கும் போட்டித் திடலில் பக்கக்காற்று அடிக்கும்போது இலேசான அம்பு குறியை விட்டு நகர்ந்துகொண்டே போகும். சற்றே கனமான அம்பும், உயரம் குறைந்த இறகும், காற்று தணியும் இடைவெளிக்காகக் காத்திருக்கும் பொறுமையும் வேண்டும். தையில் வெட்டிய மூங்கில் சித்திரையில் சீவலுக்கு வந்து, வைகாசியில் பழகி, ஆனி முழுக்கத் தினமும் மாலையில் பத்து மீட்டரில் வைக்கோல் பிரிமேல் எய்து எய்து முதுகுத் தசை பதப்பட்டால், ஆடி 17 அன்று கை நடுங்காது. ஐம்பது அம்பு அவசரமாக விடுவதைவிடப் பத்து அம்பை ஒழுங்காக விடுவது மேல். களைத்த கை தவறான பழக்கத்தைத்தான் கற்றுக்கொள்ளும்.

ஓரி விழாவை நடத்தும் அதிகாரிகளுக்கும் மலைமேல் பள்ளிக்கூடம் நடத்தும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வில்வித்தைப் போட்டியில் மூங்கில் வில்லுக்குத் தனி இடம் கொடுங்கள். அதில் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் தாங்களே செய்த வில்லோடு, தாங்களே நிமிர்த்திய அம்போடு வந்து நிற்கட்டும். வில் செய்யத் தெரிந்த முதியவர் யாராவது ஊரில் இருந்தால் தை மாதத்திலேயே அவரைப் பள்ளிக்கு அழைத்து வாருங்கள். குறியாக வைக்கும் அட்டையில் மான் படம் வேண்டாம், வட்டங்களே போதும். பரிசுத்தொகை பெரிதாக இருக்க வேண்டியதில்லை, மூங்கில் வெட்டும் மாதத்திலேயே அறிவிப்பு வந்தால் போதும்.